மாத இதழா, தொகுப்பா, திரையா, சிவகாசியா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு நண்பர் வீட்டு வராந்தாவில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். ஒன்பது பேர். ஆளுக்கு 150 ரூபாய் பிஸ்கட் டப்பாவில் விழும். வருடக் கடைசியில் 16,200 ரூபாய் சேர்ந்திருக்கும். அந்தப் பணத்தில் காமிக்ஸ் வாங்கி ஒன்பது வீட்டுக்கும் சுற்றில் விடுவோம். சுற்று முடிந்ததும் என் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் அலமாரிக்கு வந்து சேரும். பத்து வயதிலிருந்து அறுபத்தெட்டு வயது வரை கைபடும் புத்தகங்கள் அவை.

இந்த வருடப் பணத்தை எதில் போடுவது என்று இரண்டு மாதமாகப் பேசியும் முடிவாகவில்லை. பேச்சு கிரியோலில் தொடங்கும், கோபம் வந்தால் பிரெஞ்சுக்குத் தாவும், பெரியவர்களைச் சமாதானப்படுத்தும்போது மட்டும் தமிழுக்கு வரும். போன மாதம் எங்களில் மூத்த மாமா கையைத் தட்டி நிறுத்தினார். “டீச்சர், எல்லாருடைய வாதத்தையும் எழுதிக்கொண்டு வாம்மா. படித்துவிட்டு முடிவெடுப்போம்.” அதனால் எழுதுகிறேன்.

என் பக்கச் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவைத் திறந்து எண்ணும்போது நோட்டில் தமிழ் எழுத்து கண்ணில் படும். 1998இல் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கி அச்சடித்த நோட்டுகள் வந்தபோது, எழுந்த எதிர்ப்பில் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அப்படிக் காத்த எழுத்து உள்ள பணம் இது. வாங்குவதில் ஒரு பங்காவது தமிழில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வழிகள் நான்கு. அமெரிக்க மாத இதழ்களைத் தருவித்துப் படிப்பது. ஆறு ஏழு இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்புகளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வாங்குவது. மாதக் கட்டணம் கட்டித் திரையில் படிப்பது. சிவகாசியிலிருந்து தமிழ் காமிக்ஸ் வரவழைப்பது.

சண்டை மாத இதழில்தான் தொடங்கியது. வங்கியில் வேலை பார்க்கும் தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டான்: “2024இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற இதழ் ஆப்ஸல்யூட் பேட்மேன் முதல் இதழ். விற்பனையே சொல்கிறதே, இன்னும் என்ன யோசனை?” அந்த ஆண்டு அக்டோபரில் டிசி பதிப்பகம் வெளியிட்ட இதழ் அது. ஸ்காட் ஸ்னைடர் கதை, நிக் டிரகோட்டா ஓவியம். இதில் புரூஸ் வெய்ன் பணக்காரன் இல்லை; உழைத்துச் சம்பாதிக்கும் இஞ்சினியர். அம்மா உயிரோடிருக்கிறாள். மார்பிலுள்ள வௌவால் சின்னத்தைக் கழற்றினால் கோடாலி. அரண்மனையும் வேலைக்காரர்களும் இல்லாத பேட்மேனை என் வகுப்புப் பிள்ளைகள் உடனே தங்கள் தெருக்காரனாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் “விற்பனை” என்ற சொல்லை வைத்து முடிவெடுக்கும் முன் அது எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் காமிக்ஸ் கடைகள் இதழ்களை முன்கூட்டியே ஆர்டர் செய்கின்றன. விற்காவிட்டால் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. 1970களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்பவர் பதிப்பகங்களோடு பேசிக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அதற்கு முன் பெட்டிக்கடைகளில் விற்காதவை திரும்பிப் போகும். புதிய ஏற்பாட்டில் கடைக்காரருக்குத் தள்ளுபடி கூடுதல், நஷ்டமும் அவர் தலையில்தான். ஆக “இத்தனை லட்சம் விற்றது” என்றால் இத்தனை லட்சம் பிரதிகளைக் கடைகள் வாங்கி அடுக்கின என்று அர்த்தம். வாசகர் கைக்கு எத்தனை போனது என்பதை அந்த எண் சொல்லாது. போதாக்குறைக்கு ஒரே இதழுக்கு விதவிதமாக மாற்று அட்டைகள் வேறு. 25 பிரதி எடுத்தால்தான் ஓர் அரிய அட்டை கிடைக்கும் என்று விதி வைப்பார்கள். அந்த ஓர் அட்டைக்காகக் கடைக்காரர் இருபத்தைந்தையும் எடுப்பார்.

இதற்குச் சாட்சி எங்கள் வராந்தாவிலேயே இருக்கிறது. மாமாவிடம் 1991இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் ஒன்று உண்டு. லண்டனில் நர்ஸ் வேலை பார்த்த தங்கை அப்போது அனுப்பியது. கிறிஸ் கிளேர்மான்ட், ஜிம் லீ கூட்டணி. ஐந்து விதமான அட்டைகளோடு வெளியாகி எண்பது லட்சத்துக்கும் மேல் கடைகளுக்குப் போனது. இன்றுவரை உலக சாதனை. அத்தனை பேர் படித்தார்களா? ஒரே ஆள் ஐந்து அட்டையையும் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பத்து வருடத்தில் வீடு வாங்கலாம் என்று காத்திருந்தான். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? அந்த வீக்கம் வடிந்தபோது கடைகள் வரிசையாக மூடின. 1996 டிசம்பரில் எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் பதிப்பகமே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இப்போது எண்ணுவதும் முன்னைப் போல் எளிதல்ல. பல வருடங்களாக ஏறக்குறைய எல்லா இதழ்களும் டயமண்ட் என்ற ஒரே விநியோக நிறுவனம் வழியாகப் போனதால் அதன் மாதப் பட்டியலே எல்லோருக்கும் வேதவாக்கு. 2020இல் டிசி அங்கிருந்து விலகியது. 2021 அக்டோபரில் மார்வெல் பெங்குயின் ரேண்டம் ஹவுஸுக்கு மாறியது. 2025 ஜனவரி 14 அன்று டயமண்ட் திவால் மனு போட்டது. ஒரே தராசு இருந்த இடத்தில் இன்று ஆளுக்கொரு தராசு. பதிப்பகம் தானே அறிவிப்பதைத்தான் ரசிகர்கள் மாறி மாறி வீசிக்கொள்கிறார்கள்.

“அமெரிக்கக் காமிக்ஸ் செத்துப்போச்சு” என்று எதிர்ப்பக்கம் சொல்வதும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. வட அமெரிக்காவில் எல்லா வகைக் காமிக்ஸும் சேர்ந்து 2020இல் 128 கோடி டாலர், 2021இல் 207 கோடி, 2022இல் 216 கோடி, 2023இல் 187 கோடி என்பது காமிக்ஸ் விற்பனையைக் கணக்கெடுக்கும் காமிக்ரான், ஐசிவி2 இரண்டும் சேர்ந்து போட்ட மதிப்பீடு. பெருந்தொற்றுக் காலத்தில் ஏறியது, பிறகு சற்று இறங்கியது. எனக்கு முக்கியமாகப் படுவது உள்விவரம். 2021இன் 207 கோடியில் தொகுப்பு நூல்கள் 147 கோடி. மாத இதழ்கள் 43 கோடியே 50 லட்சம்தான். அந்த 147 கோடியிலும் மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸும் குழந்தைகளுக்கான புத்தகங்களும் பெரும்பங்கு. சூப்பர் ஹீரோ ரசிகர்கள் வாரா வாரம் எந்த மாத இதழ் முந்தியது என்று மல்லுக்கட்டும்போது, வாசகர் கூட்டம் பெரும்பாலும் பக்கத்துத் தெருவில் நிற்கிறது.

தம்பிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். ஆப்ஸல்யூட் பேட்மேன் முதல் இதழ் திரும்பத் திரும்ப மறுபதிப்பு கண்டது. முதல் பதிப்பு அலமாரியில் தூங்கினால் எந்தக் கடைக்காரரும் மறுபதிப்பு கேட்க மாட்டார். ஆகவே அது படிக்கப்பட்ட இதழ்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல கதையா என்பதில் எனக்கும் அவனுக்கும் சண்டையே இல்லை. அதை மாத இதழாக வாங்கலாமா என்பதில்தான்.

ஒரு இதழ் விலை சுமார் 5 டாலர், நம் பணத்தில் 225 ரூபாய். இரண்டு தொடர் எடுத்தால் வருடத்துக்கு 5,400. போன வருடம் வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து தருவித்துப் பார்த்தோம். அனுப்பும் செலவு புத்தக விலையை எட்டிப் பிடித்தது. ஆக 10,000க்கு மேல். ஆறில் இரண்டு நடுவில் மடிந்து வந்தன. நான்காவது இதழ் ஐந்தாவதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. மர்மக் கதையில் குற்றவாளி யார் என்று தெரிந்த பிறகு குற்றத்தைப் படித்தோம்.

இன்னொன்றை இந்தத் தீவில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: ஈரம். எங்களில் மூன்று வீடு கியூர்பிப் பக்கம். அங்கே துணி காய்வதே பெரும்பாடு. மாத இதழின் நடுப்பக்கத்தில் இரண்டு பின் இருக்குமே, அது துருப்பிடிக்கும். மாமாவின் எக்ஸ்-மென் இதழைப் பிரித்துப் பார்த்தேன். பின்னைச் சுற்றிக் கால் ரூபாய் அகலத்துக்குத் தேநீர்க் கறை போலப் பழுப்பு வட்டம். காகிதம் அங்கே முறுகி, விரலால் தொட்டாலே பொடியாகிறது. நடுத்தாள் ஏற்கெனவே கழன்றுவிட்டது. பின்னில்லாமல் பசையால் ஒட்டிய தொகுப்பும் ஈரத்தில் நெளியும்தான், ஆனால் கழன்று பறக்காது. ஒன்பது வீடு சுற்றி, பிறகு கதோ பிமா (மிளகாய் வடை) தின்ற கையோடு பக்கம் புரட்டும் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் புத்தகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மாத இதழ் கட்சியில் என்னைக் கொஞ்சம் அசைத்த வாதம் ஒன்றுண்டு. அதைச் சொன்னவர் இரண்டு பிள்ளைகளின் அப்பாவான ஓர் அண்ணன். 2024 ஜனவரியில் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேன், ஜொனதன் ஹிக்மேனும் மார்கோ கெக்கெத்தோவும் படைத்தது. இதில் பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். அதன்பிறகுதான் சிலந்தியின் சக்தி வருகிறது. பென் சித்தப்பா உயிரோடிருக்கிறார். சின்ன மகளிடம் எப்படிச் சொல்வது, மனைவியிடம் எதை மறைப்பது என்பதெல்லாம் வில்லனோடு போடும் சண்டையைவிடப் பெரிதாக நிற்கின்றன. கதைக்குள்ளும் இதழுக்கு இதழ் ஏறக்குறைய ஒரு மாதம் கழிகிறது. “நமக்கு ஒரு மாதம் போனால் அவனுக்கும் ஒரு மாதம் போகுது டீச்சர். ஒரே ராத்திரியில் ஆறு இதழைப் படித்தால் அந்தக் காத்திருப்பு எங்கே?” என்றார். உண்மைதான். தொகுப்பில் அது போய்விடும். இருந்தாலும் இதழ் ஒழுங்காக மாதா மாதம் கைக்கு வரும் ஊரில்தான் அந்தச் சுகம். இதழ்கள் முன்பின்னாக வரும் நமக்கு அது எப்படியும் கிடைக்கப் போவதில்லை.

திரையைச் சுருக்கமாக முடிக்கிறேன். மார்வெல் அன்லிமிடெட் மாதம் 9.99 டாலர், புது இதழ்கள் கடைக்கு வந்து மூன்று மாதம் கழித்து அதில் ஏறும். ஆயிரக்கணக்கான பழைய இதழ்கள் படிக்கலாம். தனியாளுக்கு இதைவிட மலிவு கிடையாது. துருவும் இல்லை, தபால் செலவும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு ஒருவருக்குத்தான். ஒன்பது பேர் பணம் போட்டு ஒருவர் போனில் படிப்பது நமக்கு ஒத்துவராது. இரண்டு பக்கம் விரிந்த ஓவியத்தை உள்ளங்கையளவு திரையில் கட்டம் கட்டமாகப் பார்ப்பது கோபுரத்தைச் சாவித் துவாரத்தில் பார்ப்பது மாதிரி. கட்டணம் நின்றால் எல்லாம் நின்றுவிடும். டிஜிட்டலில் தனித்தனியாக விலைக்கு வாங்கியவர்களுக்கும் நிம்மதி இல்லை. காமிக்ஸாலஜி செயலியை 2014இல் அமேசான் வாங்கியது. 2023 டிசம்பரில் அந்தச் செயலியைக் கிண்டிலோடு கரைத்துவிட்டது. பழகிய அலமாரி ஒரு நாளில் வேறு வீட்டுக்கு மாறிய மாதிரி. வேண்டியவர்கள் சொந்தப் பணத்தில் கட்டிக்கொள்ளட்டும். டப்பாப் பணம் வேண்டாம்.

தொகுப்புக்கு வருகிறேன். ஆப்ஸல்யூட் பேட்மேனின் முதல் ஆறு இதழ்கள் 2025இல் ஒரே புத்தகமாக வந்துவிட்டன. தனித்தனியாக ஆறையும் வாங்குவதைவிடச் செலவு குறைவு. ஆறு பார்சலுக்குப் பதில் ஒன்று. அதைவிட என்னைக் கவர்ந்தது டிசி 2024 கோடையில் தொடங்கிய காம்பேக்ட் வரிசை. நாவல் அளவுக்குச் சின்னப் புத்தகம், முழுக்கதை, விலை 9.99 டாலர், ஏறக்குறைய 450 ரூபாய். ஆப்ஸல்யூட் பேட்மேனை எழுதிய அதே ஸ்னைடர் கிரெக் கப்புல்லோவோடு 2011இல் தொடங்கிய ‘ஆந்தைகளின் நீதிமன்றம்’ என்ற பேட்மேன் கதை அதில் கிடைக்கிறது. கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் படைத்த ஆல்-ஸ்டார் சூப்பர்மேனும் உண்டு. இரண்டு மாத இதழ் விலைக்கு ஒரு முழுக்கதை. ஓவியம் சுருங்கிவிடுகிறது என்ற குறை நியாயம். எங்கள் மாமாவுக்கு எழுத்து பொடியாகத் தெரிகிறது. அவருக்கு மட்டும் பெரிய அளவுப் பிரதி பார்க்க வேண்டும்.

அங்கேதான் பிரெஞ்சு வருகிறது. டிசியை 2012 முதல் உர்பான் காமிக்ஸும், மார்வெலை 1997 முதல் பனினியும் பிரெஞ்சில் வெளியிடுகின்றன. பிரெஞ்சுக்காரர்களுக்கு மாத இதழைவிட ஆல்பம்தான் பழக்கம். கெட்டி அட்டை, பெரிய பக்கம், நல்ல தாள். இங்கே கடையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்கலாம். என் மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தைவிடப் பிரெஞ்சு லகுவாக ஓடும். மாமாவுக்கோ அது இளமைக்காலம். லியோன் நகரத்திலிருந்து 1970 முதல் வந்த ஸ்ட்ரேஞ்ச் இதழும், கூடவே வந்த ஸ்பெஷல் ஸ்ட்ரேஞ்சும் படித்து வளர்ந்தவர். எக்ஸ்-மென் கூட்டத்து உல்வரின் பெயரை நாங்கள் சொன்னால் இன்றும் “யார், செர்வாலா?” என்று கேட்பார். பிரெஞ்சில் அந்தக் காலத்தில் அவனுக்கு அதுதான் பெயர். குறை என்னவென்றால் விலை. கெட்டி அட்டைக்கு நாம்தான் பணம் கொடுக்கிறோம். ஒரு பிரெஞ்சு ஆல்பம் விலையில் காம்பேக்ட் இரண்டு வரும், சிலசமயம் மூன்று.

எது படிக்கப்படுகிறது என்பதற்கு நமக்கென்று ஒரு தராசு இருக்கிறது. அலமாரியின் இரவல் நோட்டு. எடுத்தவர் பெயர், தேதி, திருப்பிய தேதி. போன வருடப் பக்கங்களை உட்கார்ந்து எண்ணினேன். தருவித்த மாத இதழ்களில் ஒன்றுகூட ஐந்து கைக்கு மேல் போகவில்லை. நடுவில் ஓர் இதழ் யாரிடமாவது தங்கிவிட்டால் மற்றவை அப்படியே நின்றுவிடுகின்றன. ஆல்-ஸ்டார் சூப்பர்மேன் சின்னப் புத்தகம் பதினான்கு முறை வெளியே போயிருக்கிறது. ஒரே பையன் மூன்று முறை எடுத்திருக்கிறான். அமெரிக்கக் கடைகள் எத்தனை பெட்டி எடுத்தன என்பதைவிட இந்தப் பதினான்கு எனக்குப் பெரிய எண்.

நோட்டில் இன்னொரு வரியும் இருந்தது. சென்னையிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி. பதினொரு முறை. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளின் கையில் பதினொரு முறை! 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் பத்திரிகையில் பிறந்த பாத்திரம் அது. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு முழுக்க மறையும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே அவன்தான். 1984இல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. இன்று இரண்டும் ஒரே குடும்பத்தின் கையில், சந்தா முறையில் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்க சூப்பர் ஹீரோக்கள் அங்கே அரிது. லக்கி லூக், டெக்ஸ் வில்லர் போன்ற ஐரோப்பிய நாயகர்களே அதிகம். அதை ஒரு குறையாகத் தம்பி சொன்னான். எனக்கு அது வரமாகப் படுகிறது. பிரெஞ்சில் வீட்டிலேயே படித்த லக்கி லூக்கைப் பிள்ளை தமிழில் திறக்கும்போது கதை ஏற்கெனவே தெரியும். மொழி மட்டும்தான் புதிது. பாடப்புத்தகத்தில் “வீழ்ந்தான்” என்ற சொல்லில் தடுக்கி நின்ற பெண், படத்தில் குதிரையிலிருந்து ஒருவன் விழுவதைப் பார்த்துக்கொண்டே அதே சொல்லை நிற்காமல் வாசித்தாள். அந்த நிமிடம் நான் வகுப்பில் இருந்தேன்.

விலையும் நமக்குச் சாதகம். இங்கத்து ஒரு ரூபாய் இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு ரூபாய். 4,000 கொடுத்தால் ஒரு பெட்டி நிறைய வரும். தபாலில் வரவழைப்பதைவிடச் சென்னை போய்வருபவர்கள் பையில் சொல்லிவிடுவது நல்லது. விடுமுறைக்குப் போகிறவர்கள் எங்களிலேயே இரண்டு பேர்.

ஆகவே நான் எழுதிக்கொண்டு வந்திருக்கும் கணக்கு இது. 7,000க்குக் காம்பேக்ட் பத்துப் புத்தகம், பார்சல் செலவு உட்பட. 4,000க்கு ஆப்ஸல்யூட் பேட்மேன், அல்டிமேட் ஸ்பைடர்மேன் இரண்டின் முதல் தொகுப்புகள். பேட்மேன் ஆங்கிலத்தில், ஸ்பைடர்மேன் மாமாவுக்காகப் பிரெஞ்சில். 4,000க்குச் சிவகாசி. மாத இதழ் வேண்டாம். தம்பி தன் சம்பளத்தில் வாங்கும் இதழ்களை நாங்கள் இரவல் கேட்போம், மறுக்க மாட்டான்.

மீதி 1,200. இதற்கு மாமாவிடம் ஒரு வேண்டுகோள். அந்த எக்ஸ்-மென் இதழை எங்களிடம் கொடுங்கள். துருப்பிடித்த பின் இரண்டையும் கழற்றிவிட்டு, வெள்ளை நூல் கோத்து, பழைய துளைகள் வழியாகவே தைத்துவிடலாம் என்கிறார் தையல் தெரிந்த அக்கா. நல்ல உறை, நூல், கழன்ற நடுத்தாளை ஒட்ட மெல்லிய தாள் எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கலாம். தைத்தால் மதிப்புப் போய்விடும் என்று தம்பி தடுக்கிறான். எண்பது லட்சம் பிரதி இருக்கிறது தம்பி, போவதற்கு அதில் மதிப்பே இல்லை. பிள்ளைகள் படிக்கட்டும்.